தட்டிய கால்

மேலே எழுதியிருக்கும் பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது முப்பத்தொன்பது. மருந்துக் கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். திருமணமானவள், ஒரே மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். என் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நேற்று மாலை, மேசைமேல் குச்சியால் பந்தடித்து ஆடும் பூல் கிளப்பில் நடந்த லீக் இறுதிப் போட்டியின்போது அவருடைய வலது கால் பெருவிரல் எலும்பு முறிந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த தகவலின் பேரில் என்னைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லி விசாரித்ததில் நான் சொல்வது பின்வருமாறு. நான் கோபமாகப் பேசுவதாக அதிகாரி சொன்னார். உண்மைதான், அதையும் எழுதிக்கொள்ளலாம்.

முதலில் அந்தக் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சிக் காரில் கற்றுக்கொள்பவர் ஓட்டுநர் இருக்கையில் இருப்பார், என் கணவர் பக்கத்து இருக்கையில் இருப்பார், அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். வருடக்கணக்காக அதை மிதித்து மிதித்து, சும்மா இருக்கத் தெரியாத காலாக அது ஆகிவிட்டது. பேருந்தில் உட்கார்ந்தாலும் மிதிக்கும். நான் அடுப்பில் பால் வைத்தால், அது பொங்குவதற்கு முன்பே சாப்பாட்டு மேசைக்கு அடியில் மிதிக்கும். மகள் சைக்கிள் பழகியபோது இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிரேக் போட்டார். இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே பொறுத்துப்போனேன்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் வேலை முடிந்து போகிற பூல் கிளப்பில் ஓர் அணி சேர்த்து லீக்கில் பெயர் கொடுத்தோம். கணவர்தான் அணித்தலைவர். எனக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தது தானே என்று அவர் ஊரெல்லாம் சொல்லுவார். ஸ்டிக்கை எப்படிப் பிடிப்பது என்று காட்டியது அவர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. மற்றதெல்லாம் மதிய இடைவேளையில், சாப்பிட்ட கை ஈரம் காயும் முன்பே கிளப்புக்கு ஓடி, காலி மேசையில் தனியாக ஆடிப் பழகியது. மின்விசிறிகூடப் போட மாட்டார்கள். வியர்க்க வியர்க்க ஆடியிருக்கிறேன். அப்போது அங்கே எந்தக் காலும் இல்லை.

லீக் ஆட்டங்களில் நான் மேசைக்குக் குனிந்தால் அவருடைய ஷூ பேசும். கிளப்பில் பலகைத் தரை, அவருடையது கெட்டி அடி வைத்த ஷூ. ஒரு தட்டு என்றால் மெதுவாக அடி, இரண்டு தட்டு என்றால் பலமாக அடி, ஷூவைத் தேய்த்தால் அந்தப் பந்தை விட்டுவிடு. இதை அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே புரிந்துபோனது, புரிந்த பிறகு காதை மூடிக்கொள்ள முடியவில்லை. வேண்டாம் என்று எத்தனையோ முறை சொன்னேன். பழக்கதோஷம் என்றார். பழக்கதோஷத்தில் இரண்டுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் வருமா என்று கேட்டேன்.

லீக்கின் விதி தெளிவானது. ஒருவர் மேசையில் ஆடிக்கொண்டிருக்கும்போது அணியில் உள்ளவர்களோ பார்க்க வந்தவர்களோ எப்படி அடிப்பது என்று வாயாலோ சைகையாலோ சொல்லக் கூடாது. ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறை மட்டும் நேரம் கேட்டு வாங்கி, ஒரு நிமிடம் பேசிக்கொள்ளலாம். மீறினால் ஃபவுல், வெள்ளைப் பந்தை எதிராளி கையில் கொடுத்துவிட வேண்டும், அவர் விரும்பிய இடத்தில் வைத்து ஆடுவார். நடுவர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், விதிகளில் கறார் என்று பெயர் எடுத்தவர். போன மாதம் ஒரு தபால்காரர் ஆடும்போது அவர் தம்பி பின்னாலிருந்து "மெதுவா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னதற்கு ஃபவுல் கொடுத்தவர் இவர்தான். என் கணவருடைய கால் மட்டும் அவர் காதில் விழுவதே இல்லை.

இதனால் எனக்கு என்ன நஷ்டம் என்று அதிகாரி கேட்டார். இந்த சீசனில் நான் ஆடிய ஆட்டங்களில் தோற்றது இரண்டோ மூன்றோதான். எங்கள் அணியில் இருப்பவர்கள் என்னை அண்ணி என்று கூப்பிடுபவர்கள், நல்ல பிள்ளைகள்தான், ஆனால் நான் ஜெயித்துவிட்டு வரும்போதெல்லாம் "குச்சி அண்ணிது, ஆட்டம் அண்ணன் காலுது" என்று கிண்டல் செய்வார்கள். மண்டல அணிக்குப் பெண்கள் பிரிவில் ஒருவரை அனுப்ப வேண்டும், என் பெயர் முதலில் இருந்தது. லீக்கின் தேர்வுக் குழுவில் ஒருவர், அந்த அம்மாவை அனுப்பினால் புருஷனுக்கும் சேர்த்து டிக்கெட் போட வேண்டுமே என்றாராம், எல்லாரும் சிரித்தார்களாம். இதை என்னிடம் வந்து சொன்னது என் கணவர். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். இறுதிப் போட்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று குழு தள்ளிவைத்திருந்தது. எனவே அந்த ஓர் ஆட்டமாவது முழுக்க என்னுடையதாக இருந்தாக வேண்டும்.

நேற்று கிளம்பும்போது, இன்றைக்கு ஒரு நாள் செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள் என்று அவரைக் கேட்டேன். இறுதிப் போட்டிக்குச் செருப்பா என்று ஷூவைத் துடைத்து மாட்டினார். தட்ட மாட்டேன் என்று மகள் மேல் சத்தியம் செய்தார்.

அதன் பிறகு போட்டி தொடங்கி, இரண்டு அணியும் சமமாக நின்று, கடைசி ஆட்டம் எனக்கும் எதிர் அணியில் பேக்கரியில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கும் வந்தது. முழு நிறப் பந்துகள் எனக்கு, பட்டை போட்டவை அந்தப் பெண்ணுக்கு. அவரவர் பந்துகளை வெள்ளைப் பந்தால் அடித்து மேசை ஓரத்துப் பாக்கெட் குழிகளில் போட்டுவிட்டு, கடைசியில் கறுப்பைப் போடுபவருக்கு வெற்றி. நான் தொடர்ந்து நாலைந்து பந்துகளைப் போட்டேன். கால் பேசவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுத்தில் சொல்ல முடியாது. அதன் பிறகு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பந்துக்கு நான் குனிந்ததும், தரையில் ஷூ தேய்க்கும் சத்தம் வந்தது.

நான் அடிக்காமல் நிமிர்ந்து, நேராக நடுவரிடம் போய், என் பேரில் ஃபவுல் கொடுக்கும்படி கேட்டேன். அவர் என் கணவரைப் பார்த்தார், மேலே விளக்கைப் பார்த்தார்.

"ஏம்மா, புருஷன் பொண்டாட்டி விஷயத்துல நான் எப்படி தலையிடறது?" என்றார்.

தபால்காரரும் தம்பியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், அந்த விஷயத்தில் மட்டும் எப்படித் தலையிட்டீர்கள் என்று கேட்டேன். அது வேறு, இது வேறு என்று பூசி மெழுகினார். எதிராளிப் பெண் நல்ல மனதோடு, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை அக்கா, நீங்கள் ஆடுங்கள் என்றாள். ஆளாளுக்கு எனக்குச் சலுகை கொடுக்கக் கிளம்பியது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல இருந்தது. வெள்ளைப் பந்தை நானே எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தேன். நடுவர் உடனே ஃபவுல் என்றார். என்ன ஃபவுல் என்று கேட்டேன். ஆட்டத்தின் நடுவில் பந்தைக் கையால் தொட்டதற்காம். காரணத்தை மாற்றச் சொன்னேன், மாற்றவில்லை. என் கணவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இவளுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்சம்கூட உறைக்கவில்லை.

அதன் பிறகு அந்தப் பெண் நன்றாக ஆடி வரிசையாகப் பந்துகளைப் போட்டு, கடைசிப் பட்டைப் பந்தில் தவறவிட்டாள். நான் என் மீதிப் பந்துகளைப் போட்டு முடித்தேன். கறுப்புப் பந்து மட்டும் இருந்தது. அது மூலை பாக்கெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. பலமாக அடித்தால் கறுப்பு விழும், ஆனால் வெள்ளையும் உருண்டு போய் நடு பாக்கெட்டில் விழும், இரண்டும் விழுந்தால் ஆட்டம் போச்சு. மெதுவாகத்தான் அடிக்க வேண்டும். மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நானே பார்த்து நானே முடிவு செய்தேன். ஸ்டிக்கின் நுனி வழுக்காமல் இருக்க சாக் கட்டி தேய்த்தேன், குனிந்தேன்.

அப்போது ஷூ ஒரு தட்டுத் தட்டியது.

ஒரு தட்டு என்றால் மெதுவாக. நான் நினைத்ததேதான். தப்பாகத் தட்டியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன், அவர் சொன்னதைச் செய்யாமல் ஜெயித்தேன் என்றாவது இருந்திருக்கும். இப்போது மெதுவாக அடித்தால் அது அவருடைய பந்து. பலமாக அடித்தால் தோல்வி என்னுடையது. இதை அதிகாரி இரண்டு முறை சொல்லச் சொன்னார், இரண்டு முறையும் சொன்னேன்.

அதன் பிறகு நான் நிமிர்ந்து அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடந்து போனேன். சத்தம் போடவில்லை. அவர் என்னைப் பார்த்து, "போ, போ, மெதுவா அடி" என்று வாய்விட்டே சொன்னார். ஸ்டிக்கைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் தடித்த முனையால் அவருடைய வலது ஷூவின் மேல் ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். அவர் நாற்காலியோடு சரிந்தார். எங்கள் அணிப் பிள்ளைகள் அவரைத் தூக்க ஓடினார்கள். நான் திரும்பி வந்து, மறுபடி குனிந்து, மெதுவாக அடித்தேன். கறுப்புப் பந்து விழுந்தது, வெள்ளை நின்றது. அந்த நேரத்தில் அவர் முனகிக்கொண்டிருந்தார், ஆனால் அதில் ஆலோசனை எதுவும் இருக்கவில்லை.

நடுவர் அந்தப் பந்து செல்லாது என்றும், ஒழுங்கீனத்துக்காக என்னை நீக்குவதாகவும், கோப்பை எதிர் அணிக்கு என்றும் அறிவித்தார். விதி அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மண்டல அணிக்கு இனி என்னை அனுப்ப மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். அந்தப் பேக்கரிப் பெண் மட்டும் என்னிடம் வந்து கைகொடுத்தாள்.

"கோப்பைய நாங்க எடுத்துட்டுப் போறோம். ஆனா அந்தக் கடைசிப் பந்து உங்களுதுதான்க்கா" என்றாள்.

அதன் பிறகு நானே ஆட்டோ பிடித்து என் கணவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அதை என் கடையிலிருந்து எடுத்துவந்து, சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லி, தண்ணீரும் கொடுத்தேன். இருபது வருடமாக மற்றவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், ஒரு நாளும் யாரும் என் பின்னால் நின்று தரையைத் தட்டியதில்லை.

இதுவரை எழுதியானதும் அதிகாரி, அடித்தது தெரிந்து நடந்ததா, தெரியாமல் பட்டதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், கட்டுப்போட்ட காலோடு கதவோரம் உட்கார்ந்திருந்த என் கணவர், "தெரியாம பட்டுடுச்சுன்னு சொல்லு. அதோட முடிஞ்சுடும்" என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். கட்டுப்போடாத இடது காலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

இதையும் வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். அதிகாரி அம்மா பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

"சார், நீங்க வெளிய போய் உட்காருங்க. இது அவங்க வாக்குமூலம், அவங்கதான் சொல்லணும்."

என் கணவர், நான் அவள் நல்லதுக்குத்தானே சொல்கிறேன் மேடம் என்றார். அது அவங்களுக்குத் தெரியும் என்று சொல்லி, ஒரு காவலரை விட்டு அவரைத் தாங்கிப் பிடித்து வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, கதவைச் சாத்தினார். இந்த விதியை என் கணவர் மேல் ஒருவர் அமல்படுத்தி நான் பார்த்தது இதுவே முதல் முறை. அதன் பிறகு அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

பதில்: தெரிந்தேதான் அடித்தேன். அது அவருடைய கால் என்று தெரியும், வலிக்கும் என்று தெரியும். எலும்பு முறியும் என்று நினைக்கவில்லை, அதற்கு வருத்தம் உண்டு. அடித்ததற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன்.

மேலே கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. தெரியாமல் பட்டது என்ற வார்த்தை நான் சொன்னதாக எங்கும் இல்லை என்று நானும் ஒரு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன். இதில் உள்ள அனைத்தும் உண்மை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே சொன்னவை.

(ஒப்பம்)