காத்திருப்போர்: பூச்சியம்

ஐயா, கண்டியில் மாநாடு நடத்துகிறவனுக்கு மழையை விடப் பெரிய தலைவலி மத்தியானச் சாப்பாடு. ஒருவருக்கு மரக்கறி, ஒருவருக்கு ஹலால், இன்னொருவருக்குச் சம்பலில் மாசிக் கருவாடு இருக்கக் கூடாது. அன்று ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அதையும் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறு பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பாவிக்கும் பெரிய கணினிக்கு மயில்வாகனமாகிய நான் பதினொரு வருடம் பொறுப்பாளர். ஆராய்ச்சியாளர்கள் அனுப்பும் கணக்குகள் வரிசையில் நின்று ஓடும். பேராசிரியர் என்றாலும் மாணவர் என்றாலும் ஒரே வரிசைதான். பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாறுகிற பழக்கம் எனக்கில்லை.

அந்த ஒழுங்கைப் பற்றித்தான் மாநாடு. என் பேச்சின் நடுவே வரிசையை அப்படியே திரையில் காட்டுவதாக இருந்தது. 'காத்திருப்போர்: பூச்சியம்' என்று அழைப்பிதழிலேயே அச்சடித்திருந்தோம். காலையில் பார்த்தால் ஓடுவதும் காத்திருப்பதுமாக நாற்பத்தொரு கணக்குகள். விருந்தாட்கள் வரும்போது கொடியில் காயும் உடுப்பை எடுத்து உள்ளே போடுவோம் அல்லவா, அப்படித்தான் இதுவும். பத்து மணிக்கு எல்லாவற்றையும் நிறுத்தப்போவதாக முறைப்படி அறிவித்தல் அனுப்பினேன்.

அதைப் பார்த்துத்தான் ஞானேஸ்வரி ஓடி வந்தாள். தெல்தோட்டைப் பிள்ளை, மண்சரிவு ஆராய்ச்சி செய்கிறவள். மூன்று நாள் மழையில் ஊறிய மலை அவளுடைய ஊர்த் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்தின் மேல் இறங்கும் என்பதுதான் அவளுடைய கணக்கு. ஏற்கெனவே இரண்டு முறை சனங்களை வீணாக வெளியேற்றிப் பள்ளிக்கூடத்தில் இருத்தியதால், இம்முறை கணக்கு வராமல் ஒருவரையும் நகர்த்துவதில்லை என்று தோட்டத் துரை சொல்லியிருந்தார்.

"சார், இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடினா முடிஞ்சிரும். லயத்துல ஆளுங்க இருக்காங்க சார். எங்கம்மாவும் அங்கதான்."

"பின்னேரம் உம்மட கணக்குத்தான் முதல், பிள்ளை. வந்த ஆக்கள் போகட்டும். சாப்பிட்டிட்டுப் போம்."

அவள் சாப்பிடவில்லை. இடையில் நிறுத்திய கணக்கை முதலிலிருந்துதான் ஓட்ட வேண்டும், அதற்கு ஒன்பது மணி நேரம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இருவருக்கும் தெரிந்ததைச் சொல்லிக்காட்டுவது மரியாதை இல்லை. பத்து மணிக்கு நிறுத்தினேன்.

திரை துடைத்துவிட்டது போல் இருந்தது. நன்றாகக் கைதட்டினார்கள். மூன்று மணித் தேநீருக்குக் கட்லட் பரிமாறும்போதுதான் செய்தி வந்தது, இரண்டு மணிக்கு மலை இறங்கிவிட்டதாம். மூன்றாம் லயம். பதினேழு பேர். பட்டியலில் அவளுடைய அம்மா பதினோராவது பெயர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் அல்ல நான். ஆனால் பல்கலைக்கழகங்களின் ஒற்றுமையையும் பார்க்க வேண்டுமே. பதிவில் கணக்குகள் நின்ற காரணத்தை 'மின்தடை' என்று மாற்றி எழுதினேன். மின்பிறப்பாக்கியைப் பார்த்துக்கொள்ளும் ஷிராஸை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கெட்டிக்காரன், வேறு இடம் கிடைக்கும்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன சொல் தவறவில்லை. விருந்தாட்கள் பஸ் ஏறியதும் அவளுடைய கணக்கைத்தான் வரிசையின் தலையில் போட்டேன். விடியும்போது முடிந்திருந்தது. மூன்றாம் லயம் என்றே வந்தது, கொஞ்சமும் பிசகில்லை. உடனே அவளுக்கு அனுப்பிவைத்தேன். நன்றி என்று இன்றுவரை ஒரு வரி வரவில்லை. அதை நான் குறையாக எடுக்கவில்லை.