எடுத்தது நான், ஒட்டினது நீங்க

உக்காருங்கன்னு நான் சொல்லலையே. சரி, உக்காந்தாச்சு, இருங்க. ஆனா நான் எதுலயும் கையெழுத்துப் போடப் போறதில்ல, அத முதல்லயே சொல்லிடுறேன்.

என்ன, ஒரு சின்ன அறிக்கையா? எங்க ப்ரோக்ராம்ல ஓட்டை இருந்துச்சு, அதனாலதான் கிளினிக்ல இருந்த விவரமெல்லாம் வெளிய போச்சுன்னு நானே ஊருக்குச் சொல்லணும். உங்க கம்பெனி கையக் கழுவிக்கும். யாரோட யோசனை தம்பி இது? மேனேஜரா? அதானே, அவரு ஏன் நேர்ல வரப் போறாரு.

அது என்ன ப்ரோக்ராம்னாவது தெரியுமா உங்களுக்கு? தெரியாதா. விக்கிற ஆளுதானே நீங்க. ஒரு கம்ப்யூட்டர் இன்னொண்ணக் கூப்பிட்டா, யாரு என்னன்னு கேட்டு உள்ள விடுறது அதோட வேலை. இனாமா எழுதுறோம், யாரு வேணாலும் எடுத்துக்கலாம். உங்க கம்பெனியும் அத எடுத்துத்தான் உங்க மெஷின்ல போட்டு விக்குது. நாங்க அஞ்சாறு பேரு, பாதிப்பேர நான் நேர்ல பாத்ததுகூட இல்ல.

வர்ற ஆளு சொல்ற பேர வாங்கி எழுதிக்கிறதுக்கு அதுல ஒரு பழைய லைப்ரரி ஃபங்ஷன் இருந்துச்சு, வேற யாரோ எழுதி வெச்ச ரெடிமேட் துண்டு. அது எழுத எவ்வளவு இடம் இருக்குன்னு பாக்கவே பாக்காது. நீளமா ஒரு பேரக் குடுத்தா, இடம் தீந்த பிறகும் பக்கத்துல இருக்கிறது மேலயே எழுதிக்கிட்டுப் போகும். விவரமான திருடனுக்கு அது போதும், உள்ள வந்துருவான். இனிமே யாரும் இதப் போடாதீங்கன்னு லைப்ரரிக்காரங்களே எப்பவோ சொல்லிட்டாங்க.

அத வெளிய எடுத்தது நான்தான். இடம் பாத்து எழுதுற புதுசு ஒண்ணு இருக்கு, அதப் போட்டேன். ஒரு எடத்துல மாத்தினா வேற எங்கயோ ஒடையும். லீவு நாளெல்லாம் அதுலயே போச்சு. சம்பளமில்லாத வேலைக்கு இப்படிக் கண்ணக் கெடுத்துக்கணுமான்னு வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டே இருந்தாரு.

வெளியிட்ட கையோட உங்க இன்ஜினியர் நெட்டுல வந்து நின்னாரு. புதுசு போட்டா உங்க பழைய மெஷினெல்லாம் மக்கர் பண்ணுதாம், பழசையே திருப்பிப் போடுங்கன்னாரு. முடியாது, உங்க பக்கத்தச் சரி பண்ணுங்க, வேணும்னா நானே உதவி பண்றேன்னு பொறுமையாத்தான் சொன்னேன். அதுக்கு அந்த மனுஷன் எல்லாரும் படிக்கிற எடத்துல என்ன எழுதினாரு தெரியுமா? வீட்டுல பொழுது போகாத பொம்பளைங்க கையில குடுத்தா இப்படித்தான் ஆகும்னு. உங்க கம்பெனியில ஒருத்தர் தப்புன்னு சொல்லல.

அப்புறம் சத்தமே இல்ல. சரி, சரி பண்ணிட்டாங்க போலன்னு விட்டுட்டேன். இந்தத் திருட்டு நடந்த பிறகுதான் உங்க பிரதிய எடுத்துப் பாத்தேன். எங்களுத எடுத்து விக்கிறவங்க, என்ன மாத்தினாங்கன்னு எல்லாரும் பாக்குற மாதிரி வெளியில வெச்சாகணும்கிறது விதி, வெச்சிருக்கீங்க. நான் எடுத்து வீசின பழச அதே எடத்துல மறுபடி ஒட்டி வெச்சிருக்கீங்க. அத அப்படியே மனநல டாக்டர் கிளினிக்குக்கு வித்திருக்கீங்க. திருடன் அது வழியாத்தான் வந்தான்.

ஃபோன எடுக்காதீங்க. மேனேஜர்கிட்ட அப்புறம் பேசிக்கலாம்.

யாரு யாருக்கு என்ன மருந்து, யாரு என்ன சொல்லி அழுதாங்க, எல்லாம் வெளிய வந்துருச்சு. உங்களுக்கு அது கேஸு. இந்த வீட்டுல அது வேற. என் பொண்ணு அந்த டாக்டர்கிட்டதான் போயிட்டிருந்தா. எனக்கே தெரியாது. அவ ஆபீஸ்ல எவனோ அத சத்தமாப் படிச்சுக் காட்டியிருக்கான். வேலைய விட்டுட்டு வந்தவ இன்னும் வெளிய போகல. அந்த ப்ரோக்ராம் நீ எழுதுறதுதானேம்மான்னு ஒரு தடவை கேட்டா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அம்மா தன்னைக் காப்பாத்திக்கப் பேசுறான்னு நினைக்கிறா. அதுக்கப்புறம் என்கிட்டப் பேச்சே இல்ல.

இப்ப நீங்க சொல்லுங்க. பழச ஒட்டினது நீங்கதானே?

தலையாட்டினா பத்தாது தம்பி. வாயத் தொறந்து சொல்லுங்க, கொஞ்சம் சத்தமா. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் அவ இருக்கா.