எடுத்த பாட்டை இறக்குவதில்லை

உட்காரச் சொன்னதற்கு நன்றி. நின்றுகொண்டே சொல்கிறேன். இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் முதுகில் மடிப்பு விழும்.

அன்று மாலை மைதானத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரம்பெட்டோடு நான், மீன்சுருட்டி கொளஞ்சியப்பன், பேண்டு செட்டுக்கு மாஸ்டர். பெரிய டிரம்மில் என் தம்பி ஆண்டவர். கிளாரினெட்டில் இராமலிங்கம். சைடு டிரம்மில் முத்தமிழ். எங்கள் ஊர் டீமுக்குக் கேப்டன் விக்கி. பரிசு மேசைக்குப் பக்கத்தில் வேர்க்கடலை விற்றுக்கொண்டு என் தங்கை இருசம்மாள். அவள் மகன் பிரசாத். மற்றவர்கள் பந்து பார்க்க வந்த ஜனம். பந்து பார்க்க வந்தவர்கள் வேறு எதையும் பார்ப்பதில்லை.

எங்கள் தாத்தா காலத்தில் எங்களுக்குப் பண்ணைக் காட்டில் வேலை. கல்யாணம், சாவு என்றால் தப்பு அடிக்கக் கூப்பிடுவார்கள். சட்டை இல்லாமல் அடிக்க வேண்டும். சில தெருக்கள் வந்தால் அடிப்பதை நிறுத்திவிட வேண்டும். தெரு தாண்டிய பிறகு தொடரலாம். ஒருமுறை தாத்தா நிறுத்த மறந்துபோனார். தப்பைக் கிழித்து அவர் கழுத்திலேயே மாட்டி அனுப்பினார்கள். அவர் வீட்டுக்கு வரவில்லை. நேராகத் திருச்சிக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு டிரம்பெட், உடம்பில் பித்தளைப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டு. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு ஒரே சட்டம். கோட்டைப் போட்டு எடுத்த பாட்டை நடுவில் இறக்குவதில்லை. ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணப் பந்தல் தீப்பிடித்தபோதுகூடச் சரணத்தை முடித்துவிட்டுத்தான் நகர்ந்தோம். அந்தப் பக்கத்தில் விசாரித்தால் இன்றும் சொல்வார்கள்.

பாட்டு எப்போது முடியும் என்பது என் இடது கையில் இருக்கிறது. முஷ்டி பிடித்தால் முடிவு. இரண்டு விரல் காட்டினால் மறுபடி பல்லவி. என் ஆட்கள் அந்தக் கையை மட்டும் பார்ப்பார்கள். அவர்களுக்கு வேறு எதுவும் கேட்காது. பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குத் தன் பெயரைக் கூப்பிட்டாலே கேட்காது. எனக்குக் கேட்கும். கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதால் அது எந்தச் சுதியில் அழுகிறது என்று சொல்வேன். அதற்குத்தான் மாஸ்டர்.

பிரசாத் தகப்பன் இல்லாதவன். என் வீட்டில் வளர்ந்தான். இரண்டாவது டிரம்பெட் அவனுடையது. நன்றாகத்தான் ஊதினான். காதில் தண்ணீர் போகக் கூடாது என்று நான் அவனைக் கிணற்றுப் பக்கமே விட்டதில்லை. அவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தேன். அவனோ கால்பந்து என்று அலைந்தான். டிரம்பெட் ஊதுகிறவனுக்கு உதடுதான் சொத்து. அதைக் கொண்டுபோய்ப் பந்துக்கு முன்னால் நீட்டுகிறவனை என்னவென்று சொல்வது.

கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு பெண் அழைப்பு. முதல் நாள் பந்து பட்டு அவன் உதடு கிழிந்திருந்தது. என்னிடம் மறைத்துவிட்டான். மண்டபத்து வாசலில், பெண் காரிலிருந்து இறங்குகிற நேரத்தில், அவன் டிரம்பெட் தகரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. பெண்ணின் சித்தப்பா என் முன்னால் வந்து நின்றார்.

“என்னா கொளஞ்சி, பீப்பீ ஒடஞ்சிபோச்சா? ஊத வரலன்னா ஒங்க பழைய தப்பையே எடுத்தாங்கப்பா. அதுன்னா ஒங்களுக்குக் கைவந்ததுதானே.”

கூட்டம் சிரித்தது. நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இரண்டு டிரம்பெட்டின் பங்கையும் ஒற்றை ஆளாக ஊதி முடித்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் பிரசாத் உதட்டில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு பேசினான்.

“வுடுங்க மாமா. தப்புன்னா என்ன, கேவலமா? இப்ப மெட்ராஸ்ல மேடை போட்டு அடிக்கிறாங்க. கை தட்டுறாங்க.”

“சட்டை இல்லாம அடிச்சவரு பேரன்டா நானு.”

“நான் அவருக்குக் கொள்ளுப்பேரன். எனக்கு ஒண்ணும் வலிக்கலியே.”

அவனுக்கு வலிக்கவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனைத் தேடி ஏரிக்கரைத் திடலுக்குப் போனேன். கோல் கம்பத்துக்குப் பதிலாக ஒரு பக்கம் செருப்புகளைக் குவித்திருந்தார்கள். மறுபக்கம் சிவப்பாக ஏதோ கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அவனுடைய கோட்டு. தாத்தாவின் கோட்டை அளவு பார்த்துத் தைத்தது, அதே பொத்தான்கள். அதன் மேல் சேற்றுக்கால் பதிந்திருந்தது.

“கல்லு கெடைக்கல மாமா, அதான்.”

“அது கோட்டுடா.”

“கோட்டுதான். மனுசனா என்ன, மிதிச்சா வலிக்கறதுக்கு?”

அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள். நான் கோட்டை எடுத்து உதறி மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டேன் என்று விக்கி உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய்.

முதலில் சொன்ன அந்த மாலை கால்பந்துப் போட்டியின் ஃபைனல், அரியலூர்ப் பக்கம். அங்கே ஒரு கோலுக்குப் பின்னால் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழி இருக்கிறது. அடியில் மழைத் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடக்கும். இறங்குவதற்கு ஒரு ஒற்றையடிப் பாதை. கரை வெள்ளை மண். ஈரம் பட்டால் சோப்பு மாதிரி. பந்து அடிக்கடி குழியில் விழும். அந்த மைதானத்து வழக்கம், அடித்தவன்தான் இறங்கி எடுத்து வர வேண்டும். வேறு யாரும் கூடப் போனால் அது அடித்தவனுக்குக் கேலி. ஆகவே யாரும் போவதில்லை, எட்டிப் பார்ப்பதும் இல்லை. விழாக் கமிட்டி எங்கள் பேண்டைப் பிடித்திருந்தது. எந்த டீம் ஜெயித்தாலும் அதற்கு ஊத வேண்டும் என்பது பேச்சு.

பிரசாத் முதல் பாதியில் ஒரு கோல் போட்டான். போட்டதும் நேராக எங்களிடம் ஓடி வந்தான். என் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். முதுகை விறைத்து, மோவாயைத் தூக்கி, கையை உதட்டில் வைத்து ஊதுகிற மாதிரி நடந்து காட்டினான். என்னைப் போலவேதான் நடந்தான். மைதானமே சிரித்தது. ஆண்டவர் சிரித்தான். இருசம்மாளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தொப்பியை என் காலடியில் போட்டுவிட்டு ஓடினான். நான் குனிந்து எடுத்தேன். கோட்டு போட்ட நிலையில் நான் குனிந்தது அது ஒன்றுதான்.

ஆட்டம் சமன் ஆகி, பெனால்டிக்கு வந்தது. கடைசி அடி பிரசாத்துக்கு. பந்து கம்பத்துக்கு மேலே பறந்து குழிக்குள் போயிற்று. எதிர் டீம் ஜெயித்தது.

“போயி எடுத்தாடா, நீதானே அடிச்ச,” என்றான் விக்கி.

“எங்க மாமன் மூஞ்சியப் பாத்துட்டு அடிச்சேன். வேற எங்க போவும்?” என்றான் பிரசாத். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னான். அதன் பிறகு ஒற்றையடிப் பாதையில் இறங்கினான்.

கமிட்டிக்காரர் வந்து, “மாஸ்டர், ஜெயிச்சவங்களுக்கு எடுங்க,” என்றார். எடுத்தோம்.

நாங்கள் நின்ற விதத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கூட்டம் பரிசு மேசையைச் சூழ்ந்திருந்தது. என் ஆட்கள் குழிக்கு முதுகு காட்டி, மேசையைப் பார்த்து நின்றார்கள். நான் அவர்களைப் பார்த்து நின்றேன். அதாவது குழியைப் பார்த்து நின்றவன் நான் ஒருவன்தான்.

பல்லவி முடிந்து சரணத்துக்கு மூச்சு எடுக்கிற இடைவெளியில் ஒரு குரல் வந்தது. எங்கள் பாட்டின் சுதியில் சேராத குரல். “மாமா” என்றது. அவன் அம்மாவைக் கூப்பிடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெற்றவள் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் என்னைத்தான் கூப்பிட்டான். பேண்டு ஓடுகிறபோது யாருக்குக் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும்.

எடுத்த பாட்டை நடுவில் இறக்க முடியாது. அது குடும்பச் சட்டம். நான் அதைக் காப்பாற்றினேன். என் மேல் தப்பு சொல்ல வேண்டுமானால் அந்தச் சட்டத்தின் மேல்தான் சொல்ல வேண்டும்.

பாட்டு முடிகிற இடம் வந்தது. குரல் இன்னும் இருந்தது. நான் இரண்டு விரல் காட்டினேன்.

ஆண்டவர் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பரிசு கொடுத்து முடித்திருந்தார்கள். மறுபடி பல்லவிக்கு அங்கே அவசியம் இல்லை. ஆனாலும் அடித்தான். என் கையைப் பார்த்து அடிக்கத்தான் அவனைப் பழக்கியிருக்கிறேன். பெரிய டிரம்மைப் பலமாக அடிக்கச் சொல்லி மோவாயால் காட்டினேன். அதையும் செய்தான். எதிர் டீம் பையன்கள் ஆட ஆரம்பித்தார்கள். இருசம்மாள் அவர்களுக்குக் கடலைப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது முறை முடிகிறபோது குரல் சன்னமாகியிருந்தது, ஆனால் இருந்தது. மறுபடியும் இரண்டு விரல் காட்டினேன். மூன்றாவது பல்லவியில் எங்கள் சுதி சுத்தமாக இருந்தது. குறுக்கே எதுவும் இல்லை. அப்போது முஷ்டி பிடித்தேன். எல்லோரும் ஒரே வெட்டாக நிறுத்தினார்கள். அவ்வளவு சுத்தமான முடிப்பு எங்களுக்கு வெகுநாளாக அமையவில்லை.

“பந்தக் காணுமே, பிரசாத் எங்க, மாமா?” என்று விக்கி வந்து கேட்டான். நான் டிரம்பெட்டைச் சாய்த்து உள்ளே தேங்கியிருந்த எச்சில் தண்ணீரை வடித்தேன். வடித்து முடிக்காமல் நான் பேசுவதில்லை என்று அவனுக்கும் தெரியும். காத்திருந்தான். பிறகு குழிப் பக்கம் கை காட்டினேன்.

அவனை எடுத்து வந்தபோது கால்சட்டை மட்டும்தான் இருந்தது. சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறான். எங்கள் வீட்டு ஆள் அப்படி வெற்று உடம்பாக ஊர் முன்னால் கிடக்கக் கூடாது. ஊருக்குக் கொண்டு வந்ததும், வீட்டில் நான் துவைத்துத் தேய்த்து வைத்திருந்த அவன் கோட்டைப் போட்டுவிட்டேன். பொத்தான்களை நானே மாட்டினேன். மாமனாகச் செய்ய வேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

இதெல்லாம் நீங்கள் கேட்டு நான் சொல்லவில்லை. என் மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் வேறு. பதினாறாம் நாள் காரியத்தில் இருசம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “எங்கண்ணனுக்கு மட்டும் கேட்டிருந்தா கோட்டோட குதிச்சிருக்கும். பாவம், வயசாயிட்டுது, டிரம்மு சத்தத்துல காது கேக்கல.” இப்போது மீன்சுருட்டி முழுக்க அதுதான் பேச்சு. டீக்கடையில் என்னிடம் உரக்கப் பேசுகிறார்கள். வருகிற தை மாதத்துக்குக் கேட்டிருந்த ஒரு கல்யாண வீட்டார், மாஸ்டருக்குக் காது போய்விட்டதாமே என்று வேறு செட் பார்த்துவிட்டார்கள்.

அது தவறான செய்தி. என் காதில் ஒரு குறையும் இல்லை. அவன் முதல் தடவை கூப்பிட்டபோதே எனக்குக் கேட்டது.