கானாங்கெளுத்தித் தட்டு

வெளியே போய் சுஷி சாப்பிடுவது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை, ஐயா. என் தம்பி மனைவி எப்போதாவது அழைத்துப் போவாள். எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன். "சாப்பிட வந்தியா, துப்புத் துலக்க வந்தியா?" என்று அவள் கேலி செய்வாள். சமையலறைக்காரிக்கு விடுமுறை நாளிலும் மூக்கு ஓய்வதில்லை.

உங்கள் சுகாதார அலுவலகத்தில் தேநீர் நன்றாக இருக்கிறது. நன்றி.

கரட்சு ஊரில் தொகுனாகாவின் சுஷி கடையைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரே ஒரு மர மேடை. மேடைக்கு அந்தப் பக்கம் விருந்தினர், இந்தப் பக்கம் என் முதலாளி தொகுனாகா, அவருக்குப் பின்னால் துணித்திரை, திரைக்குப் பின்னால் நான். விருந்தினர் எதையும் கேட்டு வாங்குவதில்லை. அன்று நல்ல மீன் எதுவோ, அதை முதலாளி சோற்று உருண்டைமேல் வைத்துத் தன் கையால் பிடித்து அவர்கள் முன்னால் வைப்பார். வைத்ததை உடனே சாப்பிட வேண்டும். மீதி வைப்பது அவரை நேருக்கு நேர் அவமதிப்பது போல.

ஒரு குளிர்காலக் காய்ச்சலில் முதலாளிக்கு வாசனை அறியும் சக்தி போய்விட்டது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. ஒருநாள் திரைக்கடியில் ஒரு மீன் தட்டு உள்ளே தள்ளப்பட்டது. நான் முகர்ந்து பார்த்து, நல்லது என்று தலையசைத்தேன். தட்டு திரும்பிப் போயிற்று. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வெளியே விருந்தினரிடம், "என் மூக்கை எந்த மீனும் ஏமாத்த முடியாது" என்று அவர் சிரிப்பது கேட்கும். உள்ளே நான் அரிசி கழுவிக்கொண்டே சிரித்துக்கொள்வேன். அவர் மனைவி இறந்து வெகுகாலமாகிறது. நான் மணமே செய்துகொள்ளவில்லை. ஒருவருக்கு மூக்காக இருப்பது என்ன உறவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக எதுவும் எனக்கு இருந்ததில்லை.

இந்த வசந்தத்தில் அவர் மகள் மிஹாரு ஃபுகுவோக்காவிலிருந்து வந்து சேர்ந்தாள். நல்ல பெண். கை சுத்தம். ஒரு மதியம் முதலாளி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஹிசனோ, அடுத்த மாசத்துலேர்ந்து மிஹாரு உள்ள நிப்பா. நீ உழைச்சது போதும். கொஞ்சம் ஓய்வெடு."

அன்பாகத்தான் சொன்னார். மிஹாருவும் என் தோளைத் தொட்டு, "அக்கா, இனிமே நானே மோந்து பாத்துக்குறேன். நீங்க நிம்மதியா வெந்நீர் ஊத்துக்குப் போய் ஊறுங்க" என்றாள். அவளுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் வாய்விட்டுச் சொல்லாததை.

எங்கள் பழைய வாடிக்கையாளர்களான எகுச்சி தம்பதி வந்த அன்று கானாங்கெளுத்தி மீனை உப்பிட்டு, வினிகரில் ஊறவைத்து, பனிப்பெட்டியில் வைத்தவள் மிஹாரு. குறை சொல்ல முடியாத வேலை. பிறகு அவள் கோயிலுக்கு உணவுப் பெட்டிகளைக் கொடுக்கப் போனாள். நான் அந்தத் தட்டை வெளியே எடுத்து, சோற்றுப் பானைக்கு மேலே உள்ள பலகையில், ஆவி படும் இடத்தில் வைத்தேன். கானாங்கெளுத்தி வெப்பத்தில் வேகமாகக் கெட்டுப்போகும் மீன். கடை திறக்கும் முன் திரும்பவும் பனிப்பெட்டியில் வைத்துவிட்டேன்.

முதலாளியிடம் கொடுக்கும் முன் முகர்ந்தபோது மிஹாருவின் நெற்றி சுருங்கியது. "அக்கா, இதுல என்னமோ ஒரு வாசனை வருதுல்ல?"

"வினிகர்தான்மா. புதுசுல அப்படித்தான் இருக்கும்."

யாருக்கும் கெடுதல் வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. யாராவது முகம் சுளிப்பார்கள், தட்டு திரும்பி வரும், மிஹாருவால் ஆகாது என்று முதலாளி என்னைப் பார்ப்பார். அவ்வளவுதான். அந்த மாதம் வரை முகர்வது என் வேலைதான்; முதலாளி தள்ளிய தட்டு திரைக்கடியில் வந்தது. நான் தலையசைத்தேன்.

எகுச்சி அம்மாள் அன்று நல்ல பட்டுக் கிமோனோ உடுத்தியிருந்தார். அவர் கணவர், "முதலாளி, வீட்டுல என் சமையலத் திட்டத்தான் இவ வாயத் தொறப்பா. இங்கதான் சாப்பிடத் தொறக்குறா" என்றார்.

"நீங்க ஆக்குனதுல உப்பு எங்க இருக்குன்னு தேடணும்னா வாயத் தொறந்துதானே ஆகணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி இருவர் முன்னாலும் கானாங்கெளுத்தியை வைத்தார். அம்மாள் முதலில் எடுத்தார். மென்றவர் நிறுத்தினார். திரை இடுக்கில் அவர் கண்களைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. முதலாளியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். முதலாளி ஆவலோடு காத்திருந்தார்.

அம்மாள் விழுங்கினார். பிறகு கணவரின் கை நீளும் முன்னே அவருடையதையும் எடுத்துக்கொண்டார். "காலையிலேர்ந்து வயிறு சரியில்லன்னீங்கல்ல. இது எனக்கு." அதையும் சாப்பிட்டுவிட்டு, "முதலாளி கை இன்னைக்கும் மணக்குது" என்றார்.

திரையை விலக்க ஒரு கை போதும். என் கையில் அகப்பை இருந்தது. அதைக் கழுவினேன். கழுவியதையே திரும்பவும் கழுவினேன்.

அன்றிரவே அந்த மீனால் அம்மாளின் உடம்பெல்லாம் தடித்து, இதயம் நின்றுபோனதாக மறுநாள் சொன்னார்கள். இதயம் முன்பே பலவீனமாம். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்று உங்கள் முகம் கேட்கிறது. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டாவது துண்டு என் தொண்டையிலேயே நிற்கிறது.

வாசனை வந்தும் விட்டுவிட்டேன் என்று மிஹாரு உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது உண்மையல்ல. மீனைக் கெடுத்தவள் நான். அவள் சந்தேகப்பட்டபோது பொய் சொன்னவள் நான். தலையசைத்தவள் நான். அந்த அம்மாளைக் கொன்றது நான்தான், ஐயா. மிஹாருவை விட்டுவிடுங்கள். அவள் ஃபுகுவோக்காவுக்கே போகட்டும். இந்த வேலை அவளுக்கு வேண்டாம்.

எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. எவ்வளவு காலம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அதுவரை கடையைத் திறக்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும். நான் இல்லாமல் அவருக்கு யார் முகர்ந்து பார்ப்பார்கள்?