தூது ஓடியவன்

எனக்கு ஓடுவது பிடிக்காது. நம்ப மாட்டீர்கள், சார்ஜன்ட், ஆனால் உண்மை. முட்டி வலிக்கும், மூச்சு வாங்கும், அந்த மஞ்சள் பனியன் வேறு தொந்தி மேல் ஏறி நிற்கும். இருந்தாலும் யாரம்பி கால்பந்து கிளப்பில் துணைக் கோச்சாக இருந்த காலம் முழுக்க, சனிக்கிழமை தவறாமல் நான்தான் ஓடினேன். பெரிய கிளப்களில் துணைக் கோச் கண்ணாடி அறையில் உட்கார்ந்து காபி குடிப்பான். எங்களைப் போன்ற கோதுமை ஊரில் அதற்கெல்லாம் ஆள் ஏது. கோச் எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். அவர் சொல்வதை, நடு மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பவனிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வர ஒருவன் வேண்டும்.

தூது ஓடுகிறவனுக்குச் சொந்த வாய் கிடையாது. நான் போய் "முன்னாடி போ" என்றால் கோச் சொன்னதாக அர்த்தம். "வெளியே வா" என்றால் வந்துவிடுவார்கள். திட்டிக்கொண்டே வருவார்கள், ஆனால் திட்டு கோச்சுக்குத்தான். நீங்கள் ஊருக்குப் புதுசு, அதனால்தான் நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்கள். விசாரணையில்கூட அதை யாரும் கேட்கவில்லை. கோச் மெர்வ் என்ன சொன்னான் என்றுதான் கேட்டார்கள்.

மெர்வ் டுல்லாக்கும் நானும் ஒரே வயசு, ஒரே டீமில் ஆடியவர்கள். நல்ல மனுஷன், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் செவ்வாய், வியாழன் பயிற்சியெல்லாம் நான் போட்டுக் கொடுத்தது. எவனை எங்கே நிறுத்துவது என்று பலகையில் வரைந்தது நான். சனிக்கிழமை ஜெயித்தால் பேப்பரில் மெர்வ் படம் வரும். பொறாமையா என்றால், ஆமாம், இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அரையிறுதி ஜெயித்த அன்று இரண்டு பேரும் என் வண்டியில் சாய்ந்துகொண்டு பீர் குடித்தோம்.

"இந்தத் தடவை கோப்பை வந்துடுச்சுன்னா நான் ஒதுங்கிடறேன்டா கிளென். டீம் உனக்குத்தான், கமிட்டிகிட்ட சொல்லிட்டேன்" என்றான்.

"வரலைன்னா?"

"தோத்துட்டுப் போக மனசு வருமா? இன்னும் ஒரு வருஷம் பாத்துடுவேன். என்ன, அதுக்குள்ள உனக்குப் பல்லு விழுந்துடுமா?"

நான் சிரித்தேன். அவனுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். கோப்பை வராவிட்டால், அடுத்த வருஷத்துக்கு மெல்பர்னிலிருந்து பேர் பெற்ற ஆள் ஒருவனைக் கொண்டுவரக் கமிட்டியில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் தவறினால் எனக்கு எப்போதும் கிடையாது. ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

இறுதிப் போட்டியன்று ஊரே மைதானத்தைச் சுற்றி வண்டியை நிறுத்தியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கோல் விழுந்தால் கை தட்டுவதில்லை, எல்லோரும் ஹாரனை அழுத்துவார்கள். காது அடைத்துப்போகும்.

ஜாரட் பாஸ்கோதான் எங்கள் ஆட்டக்காரர்களில் முதல் ஆள். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற வேலை, இருபத்திரண்டு வயசு, வாய் ஓயாது. என்னைப் பார்த்தால், "மெதுவா வாங்க கிளென், ஆம்புலன்ஸ் ஒண்ணுதான் இருக்கு" என்பான். கடைசி கால் பகுதி ஆட்டத்தில் எதிராளியின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. எழுந்துவிட்டான். முதலுதவி பார்க்கிற லொரெய்ன் ஓடிப்போய் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, "கண்ணு சரியில்ல மெர்வ், அவனை எடுத்துடு" என்றாள். அதற்குள் எங்கள் ஆட்டக்காரன் டார்சிக்குத் தோள்மூட்டு நழுவிவிட்டது. அவனைத் தாங்கிக்கொண்டு அவள் உடை மாற்றும் அறைக்குப் போய்விட்டாள்.

மெர்வ் என் கையைப் பிடித்து, "ஜாரட்டை வெளியே கூட்டிட்டு வா. ஆட்டம் போனா போகட்டும்" என்றான். அப்போது ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எதிரணியினர் கோல் போட்டிருந்தார்கள், மூன்று புள்ளி பின்னால் இருந்தோம்; ஆறு புள்ளி தரும் ஒரு கோல் விழுந்தால் ஜெயிக்கலாம். இருந்தாலும் அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஓடினேன். ஓடும்போது முடிவு செய்தேன் என்று சொல்ல முடியாது. போய் நின்றபோது முடிவாகியிருந்தது.

"கோச் என்ன சொல்றாரு?" என்றான் ஜாரட்.

"நல்லா ஆடுறியாம். அப்படியே நில்லுன்னாரு."

அவனுக்குச் சந்தோஷம். பிறகு கேட்டான்: "நாம எந்தப் பக்கம் அடிக்கணும், கிளென்?"

நான் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, எதிரணியின் கோல் கம்பங்களைக் காட்டினேன். "அந்தப் பக்கம்" என்றேன். குழந்தை மாதிரித் தலையாட்டினான்.

திரும்பி வந்ததும் மெர்வ், "சொன்னியா?" என்றான். சொன்னேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் ஏன் இன்னும் வரலை?" என்று கத்தினான். "வந்துடுவான்" என்றேன். ஜாரட் பந்துக்கு எகிறினான், இன்னொருவன் தோள் தலையில் பட்டது, பந்து சிதறி எங்கள் ஆள் காலில் விழுந்து கோல் ஆனது. ஆட்டம் முடிந்ததற்கான சைரன் ஊதியது. ஜெயித்துவிட்டோம்.

ஜெயித்தால் உடை மாற்றும் அறையில் வட்டமாக நின்று, தோளில் கை போட்டு, கிளப் பாட்டைப் பாட வேண்டும். ஜாரட்டையும் தள்ளிக்கொண்டு வந்து வட்டத்தில் சேர்த்தார்கள். எனக்கு வலது பக்கம் நின்றான். பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவன் பாரம் என் மேல் ஏறியது. களைத்துப்போனான் என்று நினைத்ததாக விசாரணையில் சொன்னேன். உங்களிடம் சரியாகச் சொல்கிறேன்: களைப்பு இல்லை என்று தெரிந்தது. ஆனால் கிளப் பாட்டை நடுவில் நிறுத்துகிற வழக்கம் கிடையாது. நான் கடைசி வரி வரை பாடினேன். வட்டம் கலைந்தபோதுதான் அவன் விழுந்தான்.

திங்கட்கிழமை மெல்பர்ன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

அடுத்த நாள் மெர்வ் என் வீட்டுக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். சமையலறையில் உட்கார்ந்து டீயைத் தொடவே இல்லை.

"நான் அவனை எடுத்துடுன்னு சொன்னேன்ல?"

"இல்ல மெர்வ். 'விட்டுடு, ஆடட்டும்'னு சொன்னே."

"ஏன் இன்னும் வரலைன்னு கேட்டேனேடா."

"அது டார்சியை. தோளைச் சரி பண்ணிட்டு ஏன் இன்னும் வரலைன்னு கேட்டே. ஒரே ஹாரன் சத்தம். நீ ரெண்டு நாளா தூங்கலை."

நாற்காலியைத் தள்ளி எழுந்தான். பிறகு, "அப்படித்தான் சொல்லியிருப்பேன் போல" என்றான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். விசாரணையில் தானே எழுந்து, நான்தான் சொன்னேன் என்றான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. ஜாரட்டின் அம்மா நொலீனிடம் மன்னிப்புக் கேட்க நான்தான் அவனை வண்டியில் அழைத்துப் போனேன். அவன் முகத்தில் கதவைச் சாத்தினாள். என்னிடம் மட்டும், "நீ என்னப்பா பண்ணுவே, சொன்னதைப் போய்ச் சொன்னே" என்றாள். மெர்வ் நிலத்தை விற்றுவிட்டு எங்கோ வடக்கே போய்விட்டான். கடிதம் போட்டுப் பார்த்தேன், பதில் இல்லை.

டீம் எனக்கு வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்கிறேன்.

போன சனிக்கிழமை எங்கள் ஆள் ஒருவனுக்குத் தலையில் அடிபட்டது. வெளியே அழைத்து வரச் சொல்லித் தூது அனுப்பினேன். போனவன் திரும்பி வந்து, "வரமாட்டேங்கறான் கோச்" என்றான். அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு நானே உள்ளே நடந்துபோய், அடிபட்டவன் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். கோச் உள்ளே போகக் கூடாது என்பது விதி. நடுவர் கண்டுகொள்ளவில்லை.

ஆட்டம் முடிந்ததும் நொலீன் வண்டியை விட்டு இறங்கி என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நீ கோச்சா இருந்திருந்தா என் பிள்ளை உசுரோட இருந்திருப்பான்" என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன், சார்ஜன்ட். அவள் சொல்வது சரிதான்.