ஆறு மோடு, நாலு ஆளு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், என் முன் சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு இளைஞர்கள். ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை ஆடுகிறவர்கள்.

“புதுசா எவனாவது வந்தா, அவன் கையால ரெண்டு தபா வேணும்னே செத்துருவேன்டா.”

“ஏன்டா?”

“கேம்ல ஆறு மோடு, ஆறு வித ஆட்டம் வச்சிருக்கானுங்க. ஆளுங்க ஆளுக்கொண்ணா பிரிஞ்சிட்டாங்க. கொடி புடிக்கிற மோடுல நாம நாலு பேருதான். வந்தவன எடுத்ததுமே அடிச்சா ஓடிடுவான்.”

“நாமளும் கூட்டம் இருக்கிற மோடுக்கே போயிடலாமேடா.”

“போனா, மீதி ரெண்டு பேரும் வெயிட் பண்ணிக்கினு இருப்பாங்களே.”

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் மற்றவன் அவன் பக்கம் திரும்பினான்.

“மொத நாளு நான் உன்ன ரெண்டு தபா சுட்டேனே. அதுவுமாடா?”

“நீ இன்னும் ஆடிக்கினுதானே இருக்க.”