கத்தி அண்ணன் சுரண்டாமல் விட்ட முகம்

மேடையில் வீற்றிருக்கும் ஓவியர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, சட்டையில் பெயிண்ட் கறையோடே ஓடி வந்திருக்கும் ஓவிய நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் ஓவியர் போய்விட்டார். கத்தி அண்ணன் போய்விட்டார்! புதிதாக வந்தவர்கள் பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். அவர் கையில் இருந்தது பெயிண்ட் சுரண்டும் கத்தி. அதைக் கொண்டு தம் படங்களைத்தான் பதம் பார்த்தார்.

அவரும் நானும் இன்னும் இருவரும் ஒரே கூடத்தில் வரைந்தோம். ஒருவன் கைபேசியில் எடுத்த போட்டோவை கேன்வாஸில் பெரிதாக்கி வரைவான். எங்கள் அக்கா ஒருவர் கேன்வாஸைத் தரையில் விரித்து, வண்ணத்தைக் குவளையோடு கவிழ்ப்பார். நான் கோடு போட்டு அழித்து, அழித்துப் போடுகிறவன். எது ஓவியம் என்று மூவரும் மல்லுக்கட்டுவோம். அண்ணன் யாரையாவது மட்டம் தட்டியிருப்பாரா? ஒருநாளும் இல்லை!

அவருடைய வழி என்ன? படம் முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். எந்த இடத்தை நாங்கள் முதலில் புகழ்கிறோமோ, அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிடுவார்! "அது மட்டும் முன்னால வந்து நின்னா, மத்ததையெல்லாம் யாரு பார்ப்பா?" என்பார். எத்தனை வானங்கள், எத்தனை சன்னல்கள் பழைய செய்தித்தாளில் வழிக்கப்பட்டுக் குப்பைக்குப் போயின! எங்களுக்கு வயிறு எரியும். ஆனால் மிஞ்சிய படத்தைப் பார்த்தால் அவர் செய்தது சரி என்றுதான் தோன்றும்.

அந்தக் கத்திக்கு அதிகம் பலியானது அண்ணியின் முகம். கல்யாணமான நாளிலிருந்து வரைந்தார், ஒன்றும் மிஞ்சவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போனதுதான் மிச்சம் என்று அண்ணி சிரிப்பார். தன் முகம் ஒன்றாவது தங்காதா என்ற ஏக்கம் அந்தச் சிரிப்பில் இருந்தது எங்களுக்குத் தெரியாதா?

உடம்பு தளர்ந்த பிறகு அண்ணன் மறுபடி அவரை உட்கார வைத்தார். முடித்ததும் படத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அப்பப்பா! மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கிற அதே முகம்!

முகத்தைப் புகழ்ந்து வாயைத் திறந்தால் போச்சு. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூக்கு கோணல் என்றேன் நான். கன்னத்தில் உயிரில்லை என்றார் அக்கா. போட்டோக்காரன், நாற்காலிதான் பிரமாதம் என்று ஒரே போடாகப் போட்டான். அண்ணன் கத்தியை எடுத்து நாற்காலியைச் சுரண்டினார். அண்ணி அந்தரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் முகம் தப்பியது!

அவரை ஏமாற்றிவிட்டோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். இன்று காலை அண்ணி சொன்னார். அன்று வீட்டுக்குப் போனதும் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "மூணு பேரும் வாய் கூசாம பொய் சொன்னாங்க. நல்லாருக்குன்னே சொல்லியிருந்தாலும், இந்தத் தடவை எனக்குக் கை வந்திருக்காது."

நண்பர்களே, எங்கள் கூடத்தைப் பூட்டமாட்டோம். அண்ணன் நின்று வரைந்த இடத்தில் அடுத்து யார் வந்து எப்படி வரைந்தாலும் வரவேற்போம். முடித்த படத்தை ஒருவருக்கொருவர் காட்டுவோம். குறை கேட்கத் தயங்கமாட்டோம். இது அவருக்கு நாங்கள் தரும் உறுதி.

இதோ, அந்தப் படம் மேடையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அண்ணியின் வீட்டுக்குப் போகிறது. அதற்குமுன் எல்லோரும் கிட்டே வந்து பாருங்கள். பார்த்துவிட்டு, முகம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அண்ணி காதுபட, உரக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.